மான் முதுகுக்கு மேலே

இந்த அத்தியாயத்தை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். தொடர் ஆரம்பிக்கும்போது எதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. தாடி வைத்து, தொப்பி போட்டு, காசிம் என்று பெயர் உள்ள ஒருவன் துப்பாக்கியைப் பற்றி எழுதினால் படிப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

போன வாரம் ஜொஹராதான் பேச்சை எடுத்தாள். ஜொஹரா என் மனைவி.

"டயர் கடையப் பத்தி எழுதியாச்சு. ஐஸ்ல கார் சறுக்குனதையும் எழுதியாச்சு. நான் கண்டுபிடிச்சத மட்டும் எழுத மாட்டேங்கிறீங்க. அவ்ளோ வீம்பா?"

வீம்பு இல்லை, பயம்தான். ஆனால் அவள் கேட்ட பிறகும் எழுதாமல் இருந்தால் அது வீம்பாகிவிடும். அதனால் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி ஆரம்பிக்கிறேன்.

பரணில் ஒரு காலை

அது நான் மான் வேட்டைக்குப் போன மூன்றாவது தடவை. டிசம்பர் மாதம். ரமலான் நோன்பு பிறக்கச் சில நாட்களே இருந்தன.

நாங்கள் இருந்தது டெக்சாஸில், ரிச்சர்ட்சனில். அங்கிருந்து மேற்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஒரு பண்ணை நிலம். நம் ஊர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி போல ஒரு முள்மரம் அங்கே காடாக நிற்கும். நடுவில் நான்கு கால் நட்டு, மேலே பலகையால் அடித்த பெட்டி. சோளக்கொல்லைக் காவலுக்குப் போடும் பரண் மாதிரிதான். அதில் இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்றில் எர்ல்.

எர்ல் என்னோடு டயர் கடையில் வேலை பார்த்தவர். என் வயதுக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நிலம் அவருடைய மச்சானுடையது. எர்ல் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். அதிலும் டெக்சாஸ்காரர்களின் இழுத்த இங்கிலீஷ். எனக்கு விளங்கிய மாதிரி அதைத் தமிழில் எழுதுகிறேன்.

குளிர் பூட்ஸுக்குள் இறங்கி, கால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சிந்திக் கிடந்த மக்காச்சோளத்தைத் தேடி ஒரு மான் வந்தது. கொம்பு வைத்த கிடா. எண்பது கஜ தூரம் இருக்கும். பக்கவாட்டில் திரும்பி நின்று, தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தது. இதைவிட நல்ல நிலையில் ஒரு மான் நிற்காது என்பது வேட்டைக்குப் புதியவனான எனக்கே தெரிந்தது.

ரைஃபிளைத் தோளில் வைத்தேன். முன்கால் தோளுக்குப் பின்னால் குறி வைத்தேன். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்றேன். சுட்டேன்.

மான் தலையைத் தூக்கி, யார் வீட்டிலோ கதவு அடித்துக்கொண்டதைப் போலப் பார்த்தது. பிறகு வெள்ளை வாலை நிமிர்த்திக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது.

எர்ல் பைனாகுலரை இறக்கினார்.

"மேல போயிடுச்சு" என்றார். "முதுகுக்கு மேல ஒரு சாண். பின்னால மேட்டுல மண் தெறிச்சது."

முதல் தடவையும் மேலே. இரண்டாவது தடவையும் மேலே. இப்போதும் மேலே.

பிறகு எர்ல் சொன்னார்: "காசிம், துப்பாக்கி சரியா இருக்கு. நீயும் சரியா இருக்க. எனக்கென்னமோ மான்தான் குனிஞ்சிக்குதுன்னு தோணுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

ஆடு என்று நேர்ந்திருக்கலாம்

அந்த அக்டோபரில் எங்கள் இரண்டாவது மகள் பிறந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் ஜொஹராவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்சுகள் ஓடி வந்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். எதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷும் இல்லை, படிப்பும் இல்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். அண்ணன் ஸ்பான்சர் பண்ணி, வருஷக்கணக்காகக் காத்திருந்து, குடும்பத்தோடு வந்து சேர்ந்தவன்.

ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், என் காருக்கும் யாரோ ஒருவருடைய வேனுக்கும் நடுவே நின்று கையேந்தினேன்.

"யா அல்லாஹ், இவளைப் பிள்ளையோட வீட்டுக்கு அனுப்பு. இந்த சீசன்ல என் கையால ஒரு மான் வேட்டையாடி, இந்த நோன்புல அந்தக் கறியப் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஜமாஅத்துக்கு ஊத்துறேன்."

ஏன் மான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டுக்கொண்டேன். அந்த வாரம்தான் நான் ஒரு பழைய ரைஃபிள் வாங்கியிருந்தேன். டயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் எர்லும் நானும் மானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மனதில் எது இருந்ததோ அது வாயில் வந்துவிட்டது.

அல்லாஹ் அவளை அனுப்பிவைத்தான். வீட்டுக்கு வந்து, சாய்ந்து உட்காரத் தெம்பு வந்ததும் நேர்ச்சையைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"ஆடுன்னு நேர்ந்திருந்தா கடைக்குப் போயிட்டு வந்து முடிச்சிருக்கலாம்ல?"

"வாயில வந்துருச்சு."

"புலின்னு வராம போச்சே. அந்த மட்டுக்கும் சந்தோஷம்."

எங்கள் பக்கத்தில், உத்தமபாளையத்தில், நேர்ச்சை என்றால் விளையாட்டில்லை. போன் கார்டு போட்டு ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். முடியாமல் போனால் அதற்குப் பரிகாரம் இருக்கிறது, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்று ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் கவலை கூடியது. என் வீட்டுக்காரியை முழுசாகத் திருப்பிக் கொடுத்தவனுக்கு நான் வேறு எதையோ கொடுத்துக் கணக்கை முடிப்பதா? மனம் ஒப்பவில்லை.

மான் வேட்டை சீசன் ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். அதற்குள் மான் விழவேண்டும்.

காகிதம் தப்பவில்லை

துப்பாக்கி பிடிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

என் ரைஃபிளில் தொலைநோக்கி கிடையாது. குழாய் முனையில் நெல்மணி அளவுக்கு ஒரு குமிழ். கண்ணுக்கு அருகே, பின்பக்கம், ஒரு சிறு பள்ளம் வெட்டிய தகடு. கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் அழுத்திப் பார்த்தால் அந்தக் குமிழ் பள்ளத்துக்குள் சமமாக உட்காரவேண்டும். குமிழ் பள்ளத்தைவிட்டு எழும்பித் தெரிந்தால் குழாயின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். குண்டு மேலே போகும். குமிழ் பள்ளத்துக்குள் மூழ்கினால் கீழே போகும்.

சீசனுக்கு முன்னால் துப்பாக்கியைச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய், காகிதத்தில் சுட்டுப் பார்த்து, பின்தகட்டை ஏற்றி இறக்கிச் சரி பண்ண வேண்டும். பார்த்த இடத்தில் குண்டு படும்வரை அதை விடக்கூடாது. எர்லுக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. "காயம்பட்ட மான் ஓடிப் போய் எங்கேயோ கிடந்து சாகக்கூடாது. சரி பண்ணாத துப்பாக்கியோட என் மச்சான் நிலத்துல கால் வைக்காதே" என்பார். அது எனக்கும் பிடித்திருந்தது. அறுக்கும் பிராணியை வதைக்காதே என்று எங்களுக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அதனால் நன்றாகவே சரி பண்ணியிருந்தோம். மணல் மூட்டைமேல் ரைஃபிளை வைத்து, நூறு கஜத்தில் நான் சுட்ட குண்டுகள் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கும். ரேஞ்சில் பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்குக் கை நடுங்காது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அல்லாஹ் கொடுத்த கை.

முதல் மான் தப்பியதும் மறுபடி ரேஞ்சுக்குப் போனோம். நடுவில் பட்டது. பரண் உயரம், அங்கிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் கொஞ்சம் மேலே போகும் என்றார் எர்ல். இரண்டாவது மான் தப்பியதும் பின்தகட்டை ஒரு படி இறக்கினார். இப்போது காகிதத்தில் குண்டு கீழே பட்டது. சரி, மானுக்கு இது பொருந்தும் என்று நம்பிப் போனோம். அந்தத் தடவையும் மேலேதான் போனது.

காகிதத்தைச் சுட்டால் கீழே, மானைச் சுட்டால் மேலே. இதென்ன நியாயம்?

நோன்புக்கு மான்கறிக் கஞ்சி ஊற்றுவதாகச் சொல்லிவைத்திருந்ததால், மான் தப்பும் செய்தியும் எங்கள் சின்ன ஜமாஅத்தில் பரவிவிட்டது. அப்போது நோன்புக்காக ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தோம். தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் டெலிகாம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் சாகுல் என்று ஒருவர், சென்னைக்காரர், வாய் சும்மா இருக்காது.

"காசிம் பாய், நீங்க மானை விட்டுட்டு வாத்து ட்ரை பண்ணுங்க. அது மேலதான் பறக்கும். கரெக்டா மாட்டும்."

"துஆ செய்ங்க தம்பி."

"துஆல்லாம் செய்றேன். பேக்கப்புக்கு ஃப்ரீசர்ல ஆட்டுக்கறி வாங்கி வச்சிடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆட்டுக்கறி என் நேர்ச்சையை நிறைவேற்றாது என்று அவருக்குத் தெரியாது. நேர்ந்ததை அங்கே நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பூரிக்கட்டை

மூன்றாவது தடவை தோற்று வீட்டுக்கு வந்தபோது பெரியவள் ரிஸ்வானா கதவைத் திறந்தாள். அவளுக்கு ஏழு வயது. தமிழில் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

"டிட் இட் ரன் அவே எகெய்ன், அத்தா?"

"ஆமாம்மா."

"குட்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

ஜொஹரா சின்னவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். டீ போட்டு வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானாகவே ஆரம்பித்தேன். மான் எங்கே நின்றது, நான் எப்படி உட்கார்ந்திருந்தேன், எல்லாம் சொன்னேன். சொல்லும் வேகத்தில் அடுப்படி மேடையில் கிடந்த பூரிக்கட்டையை எடுத்துத் தோளில் வைத்தேன்.

"இப்படி வச்சேன். கன்னம் இங்க. குமிழ் சரியா உட்கார்ந்துச்சு. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர். சுட்டேன்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"எத?"

"எல்லாத்தையும். முதல்லேர்ந்து."

மறுபடி பூரிக்கட்டையைத் தூக்கினேன். மறுபடி பிஸ்மி சொன்னேன்.

ஜொஹரா பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். அவள் ஜமாஅத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுக்கிறவள். எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே போகிறது, உதடு எப்படிக் குவிகிறது, தாடை எவ்வளவு திறக்கிறது என்று பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் என் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ரேஞ்சுல காகிதத்தச் சுடுறீங்கள்ல. அப்ப இதச் சொல்வீங்களா?"

"காகிதத்துக்கு எதுக்கு பிஸ்மி? அறுத்தா திங்கப் போறோம்?"

"அதான்."

"என்ன அதான்?"

"அக்பர்னு சொல்றப்ப உங்க தலை எந்திரிக்குதுங்க. தாடை தெறந்து, கன்னம் கட்டைய விட்டு மேல வருது. காகிதத்த வாய மூடிக்கிட்டு சுடுறீங்க. மானை வாயத் தெறந்து சுடுறீங்க."

பூரிக்கட்டை என் தோளிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் அதை இறக்கத் தோன்றவில்லை.

குமிழ் பள்ளத்துக்குள் சமமாக உட்கார்ந்திருக்கும். நான் பிஸ்மி சொல்லுவேன். தலை எழும்பும். தலையோடு கண்ணும் எழும்பும். கண்ணுக்குக் குமிழ் தெரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் பள்ளத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும். அந்த நேரம் என் கவனம் மானிடம், குமிழிடம் இல்லை. குமிழை மறுபடி மான்மேல் வைக்கக் கை தானாகக் குழாயைத் தூக்கி, விசையை அழுத்திவிடும். குண்டு முதுகுக்கு மேலே போய்விடும். எர்லுக்கு இது எப்படித் தெரியும்? அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பைனாகுலரில் மானைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

கறிக்கடைக் குரல்

தலை ஏன் எழும்புகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு.

எங்கள் அத்தா கறிக்கடை வைத்திருந்தவர். எனக்குக் கத்தி பிடிக்கும் வயது வந்ததும் அறுக்கச் சொல்லிக் கொடுத்தார். கடை வாசலில் வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். பிஸ்மி சொன்னது அவர்கள் காதில் விழவேண்டும் என்பது அத்தாவின் சட்டம். முணுமுணுத்தால், "என்னடா, உனக்கு நீயே சொல்லிக்கிறியா? கடைசியில நிக்கிறவருக்குக் கேட்கட்டும்" என்பார். அதனால் தலையை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, கணீரென்று சொல்லித்தான் பழக்கம். கத்தி பிடித்த கைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தலை எங்கே இருந்தாலும் கத்தி அறுக்கும். துப்பாக்கி அப்படி இல்லை. அதற்குக் கன்னம் வேண்டும்.

மறுபடி ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். துப்பாக்கி வேட்டையைப் பற்றி மார்க்கம் படித்த ஆலிம்களுக்குள் பல பேச்சு உண்டு. அதற்குள் போக நான் ஆள் இல்லை. அவர் எனக்குச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். சுடும்போது பிஸ்மி சொல், உயிர் இருக்கும்போதே ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுத்துவிடு என்பதுதான் அவர் ஆரம்பத்திலிருந்து சொன்னது. இப்போது நான் கேட்டது வேறு.

"சத்தமா சொல்லணுமா ஹஜ்ரத்?"

"உன் காதுக்குக் கேட்டாப் போதும்ப்பா. மானுக்குக் கேட்கணும்னு யார் சொன்னா?"

ஏலக்காய்

அந்த வாரம் முழுக்க ஜொஹராதான் வாத்தியார். குண்டு இல்லாத ரைஃபிள், பெட்டியில் பூட்டி வைத்த தோட்டா, பிள்ளைகள் வேறு அறையில். நான் ஹாலில் கார்ப்பெட்டில் உட்கார்ந்து குறி பார்ப்பேன். அவள் ஒரு ஏலக்காயை எடுத்து என் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே வைப்பாள்.

"சொல்லுங்க."

சொல்லுவேன். ஏலக்காய் மடியில் விழும்.

"மான் ஓடிப் போச்சு. திரும்பச் சொல்லுங்க."

எத்தனை மான் ஓடியதோ எனக்குத் தெரியாது. பல வருஷத்துப் பழக்கம், ஒரு நாளில் போய்விடாது. முதலில் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு பல்லைத் திறக்காமல் உதட்டால் மட்டும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மூச்சோடு சேர்த்துச் சொல்லப் பிடிபட்டது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பிஸ்மி சொல்லி முடிப்பது. முடிந்த இடத்தில் மூச்சும் அடங்கும், உடம்பும் அசையாது. அந்த அமைதியில் விசையை அழுத்துவது. ஏலக்காய் அப்படியே இருந்தது.

"இப்பத்தான் ஓதுற மாதிரி இருக்கு. இதுக்கு முந்தி ஏலம் போடுற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

சனிக்கிழமை எர்லோடு ரேஞ்சுக்குப் போனேன். பின்தகட்டைப் பழைய இடத்துக்கே ஏற்றி வைத்தேன். "இந்தத் தடவை நான் மானைச் சுடுற மாதிரியே காகிதத்தச் சுடப்போறேன். என்னையே பாரு" என்றேன். பழையபடி தலையை நிமிர்த்திக் கணீரென்று சொல்லிச் சுட்டேன். குண்டு காகிதத்தின் மேல் விளிம்பில் பட்டது. எர்ல் விசில் அடித்தார்.

அடுத்து, மூச்சோடு சொல்லிச் சுட்டேன். நடுவில். இன்னொன்று. அதுவும் நடுவில், முதல் ஓட்டையைத் தொட்டுக்கொண்டு.

எர்ல் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நீ என்ன சொல்ற அது?"

"சாப்பிடறதுக்கு முன்னால நீ சொல்வியே, அது மாதிரி. இது சுடுறதுக்கு முன்னால."

"இவ்ளோ நாளா அந்த ஜெபத்தாலதான் மேல போச்சா?"

"ஜெபத்தால இல்லை. என் தாடையால."

எர்ல் காகிதத்தை மறுபடி பார்த்தார். "மெதுவாவே சொல்லு. கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேட்கும். யார் கண்டுபிடிச்சது?"

"என் பொண்டாட்டி."

"உனக்குப் பதிலா நான் அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார்.

கடைசி ஞாயிறு

அதற்குள் நோன்பு பிறந்துவிட்டது. டயர் கடையில் பனிக்கால நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை. கிடைத்தது சீசனின் கடைசி வாரக் கடைசிதான். சனிக்கிழமை முழுக்கப் பரணில் உட்கார்ந்தோம். இரண்டு காட்டுப்பன்றி வந்தது. எனக்கு அதனால் என்ன பயன்? மான் வரவில்லை.

ஞாயிறு. பண்ணையிலேயே விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு, பஜ்ரு தொழுதுவிட்டுப் பரண் ஏறினேன். எர்ல் எனக்காகத் தன் காப்பி பிளாஸ்கைக் கொண்டுவரவில்லை. நான் கேட்கவில்லை. அவராகவே விட்டுவிட்டு வந்தார். அன்று அவர் சர்ச்சுக்கும் போகவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வெயில் ஏறியது. உறைபனி உருகிப் புல் நனைந்து மினுங்கியது. என் வாய் உலர்ந்திருந்தது. மணி ஒன்பதைத் தாண்டியது. இன்றோடு சரி என்று மனம் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் எர்ல் முழங்காலால் என் முழங்காலைத் தொட்டார்.

சின்னக் கொம்பு வைத்த கிடா. நேராக எங்களைப் பார்த்து நின்றது. அந்த நிலையில் சுடக்கூடாது. காத்திருந்தேன். அது ஒரு அடி வைத்தது, காதைத் திருப்பியது, மறுபடி நின்றது.  பிறகு மெல்லத் திரும்பி, பக்கவாட்டைக் காட்டியது.

கன்னத்தை வைத்தேன். கட்டையில் இன்னும் ஏலக்காய் வாசம் இருந்தது. குமிழ் பள்ளத்துக்குள் உட்கார்ந்தது. மூச்சை விட்டுக்கொண்டே சொன்னேன். என் காதுக்குக் கேட்டது. குமிழ் அசையவில்லை. சொல்லி முடிந்து, மூச்சு அடங்கி, ஒன்றும் அசையாத அந்த இடத்தில் அழுத்தினேன்.

மான் நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடிந்து விழுந்தது.

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கத்தியோடு ஓடினேன். உயிர் இருந்தது, வயிறு ஏறி இறங்கியது. தலையைத் திருப்பிப் பிடித்தேன். இப்போது கையில் கத்திதானே. அத்தா கடையில் சொன்ன மாதிரி, தலையை நிமிர்த்தி, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி கணீரென்று பிஸ்மி சொன்னேன். ஒரே இழுப்பு.

திரும்பிப் பார்த்தால் எர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

நனைந்த புல்லில் அங்கேயே ஸஜ்தா செய்தேன். நெற்றியில் மண்ணோடுதான் வீட்டுக்குப் போன் செய்ய ஓடினேன். ஜொஹரா போனை எடுத்தாள்.

"விழுந்துருச்சு" என்றேன்.

 "வேற ஏதும் கேட்க மாட்டேன். பத்திரமா டிரைவ் பண்ணி வாங்க" என்றாள். 

கஞ்சி

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாலில் பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சினோம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், நடுவே பொடிப்பொடியாகக் கொத்திய மான்கறி. கிண்டியது நான். உப்பு பார்த்தது ஜொஹரா. பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு அந்த வருஷம் நோன்பு இல்லை. அன்றைக்கு எங்கள் ஆட்களில் ருசி பார்க்க முடிந்த பெரிய ஆள் அவள் ஒருத்திதான்.

பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் வாயில் போட்டு, எல்லாரும் கஞ்சியை எடுத்தார்கள். சாகுல் இரண்டு வாய் குடித்தார்.

"பாய், இது மானா?"

"மான்தான்."

"மேல போகலையா?"

"போகலை தம்பி. வேணும்னா இன்னொரு கரண்டி ஊத்துறேன்."

அப்போதுதான் நேர்ச்சையைச் சொன்னேன். பார்க்கிங்கில் நின்றதையும் சொன்னேன். சாகுல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் அப்படி ஓட்டியிருக்க மாட்டேனே" என்றார். பிறகு எழுந்து வந்து கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, மீதிப் பேருக்கு அவரே ஊற்றினார். எர்லும் வந்திருந்தார். மூன்று கிண்ணம் குடித்தார். பெண்கள் பக்கம் ஜொஹரா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை மறைக்க மாட்டேன். அவளுக்காக நேர்ந்தது. அவளால்தான் நிறைவேறியது.

உள்ளது உள்ளபடி

இந்தக் கதை இப்போது ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. நியூஜெர்சியில் ஒரு கல்யாணத்தில், பிஸ்மி சொன்னதும் மான் தானாக வந்து மண்டியிட்டது என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இன்னொருவர் அதற்கு நேர் எதிராக, பிஸ்மி சொன்னதால் குறி தப்பியது, அதை விட்ட பிறகுதான் பட்டது என்று சொல்லிச் சிரித்தாராம். இரண்டும் பொய்.

இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றையும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். மான் மண்டியிடவில்லை. பிஸ்மியை நான் ஒரு தடவையும் விடவில்லை. என் தலை எழும்பியது, அதனால் குண்டு மேலே போனது. தலை இருந்த இடத்தில் இருந்தது, அதனால் பட்டது. தலை எழும்புவதைப் பார்த்தவள் ஜொஹரா. எதை மாற்றினாலும், அவள் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.